மார்த்தாள் வீட்டுப் பந்தி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதக் காலையில், உத்திரமேரூர் பஜாரில் இருக்கும் எங்கள் பாத்திரக்கடைக்கு ஒரு பெண்மணி வந்து எட்டுச் சாப்பாட்டுத் தட்டு வேண்டும் என்றார். ஐம்பதை நெருங்கும் வயது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் போடுவதுபோல, புடவைக்கு மேலே ஆண்கள் முழுக்கைச் சட்டை. நான் எடுத்துப் போட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் விளிம்பு லேசாக நசுங்கியிருந்தது. அதை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

"பொண்ணுக்குச் சீர் வைக்கவா?" என்று கேட்டேன்.

"சீருக்கு இல்லண்ணா. எங்க வூட்டுக்கு விருந்தாளிங்க வராங்க. எட்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஒருத்தருக்குப் பெரிசு, ஒருத்தருக்குச் சின்னதுன்னு இருக்கக் கூடாது."

அப்படித்தான் எனக்கு மார்த்தாளைத் தெரியும். அன்றைக்கு அவர் போன பிறகு, அது என்ன பெரிய விருந்து என்று நினைத்துக்கொண்டேன். அந்த விருந்தில் நானே ஒருநாள் உட்காருவேன் என்று நினைக்கவில்லை.

அவர் இருப்பது செய்யாற்றின் கரையில் ஒரு சின்ன ஊரின் காலனி. ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஏரிக்கால்வாய் ஓடுகிறது. கணவர் தானியேல் கொத்தனார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. மார்த்தாளுக்குச் சொந்த நிலம் கிடையாது. அவருடைய அம்மாவுக்கும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த வயல் மேடு, எது பள்ளம், எந்த மடையில் தண்ணீர் நின்றுபோகும் என்பதெல்லாம் பட்டா வைத்திருப்பவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நடவு, களை, அறுப்பு என்று வருடத்தில் பாதி நாள் போகும். மீதிக்கு நூறு நாள் வேலை. எட்டாவது வரை படித்தவர் என்பதால் அதில் பணித்தளப் பொறுப்பாளராகவும் இருந்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு ஆள் வேண்டும். கலா எங்கள் உத்திரமேரூர்ப் பெண். சென்னையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பத்து வருடம் ஊராருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக்கொடுத்துவிட்டு, அது போதும் என்று திரும்பி வந்தவர். வந்து ஒரு புதுக் காரியம் ஆரம்பித்தார். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரமாக நடப்பது. ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மானாம்பதிப் பக்கம் செய்யாற்றில் இறங்கி, நான்கு நாள், மெதுவாகத் திருமுக்கூடல் வரைக்கும். அங்கே பாலாற்றின் மணலைக் கடந்து பழையசீவரத்தில் முடியும். வேன் இல்லை, ஓட்டல் இல்லை. வழியில் உள்ள வீடுகளில் சாப்பாடு. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன வேலையோ அதில் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். "இதுக்கு எவனாவது காசு கொடுத்து வருவானா?" என்று பஜாரில் நாங்கள் சிரித்தோம். வந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், ஒருமுறை புதுச்சேரியிலிருந்தும் வந்தார்கள்.

முதல் நடையின் இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டை மார்த்தாளின் ஊரில், ஊர்த்தெருவில் ஒரு வீட்டில்தான் கலா ஏற்பாடு செய்திருந்தார். காலை பத்து மணிக்கு அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. பங்காளி வீட்டில் சாவு, தீட்டு, இன்றைக்கு அடுப்பு மூட்ட முடியாது. கலா ஆறு பேரையும் கால்வாய்க் கரையில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். கால்வாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. கரைமேல் நோட்டோடு நின்ற மார்த்தாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"இன்னாம்மா, அப்பத்திலேர்ந்து நடந்துக்கினே கீற? யாராவது தொலைஞ்சு பூட்டாங்களா?"

கலா விஷயத்தைச் சொன்னார்.

"அவ்ளோதானே? எங்க வூட்டுக்கு வா. எத்தினி பேரு?"

"ஏழு பேர், அக்கா, என்னையும் சேர்த்து. ஆனா..."

"ஆனான்னா? இன்னா தெருன்னு யோசிக்கிறியா?"

கலா யோசித்தது அதுவல்ல. ஒன்றரை மணி நேரத்தில் ஏழு பேருக்கு எப்படிச் சமைப்பார் என்பதுதான். அதைச் சொன்னதும் மார்த்தாள் சிரித்துவிட்டார். நோட்டைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, மேற்பார்வையாளரிடம் போனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

முதலில் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றிக் கரைத்து, வறுத்த மோர்மிளகாயோடு. பிறகு சோறு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. கருவாடு வேண்டாம் என்ற இரண்டு பேருக்கு அவசரமாக ஒரு ரசம். தட்டு போதவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு, எதிர்வீட்டில் ஒன்று வாங்கி, பெரியதும் சின்னதுமாகப் போட்டார்கள். சிமெண்டுத் தரையில் பாய் விரித்து ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மார்த்தாளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அதுவரை உறவுக்காரர்களையும் கிறிஸ்தவச் சபைப் போதகரையும் தவிர, காலனிக்கு வெளியே பிறந்த ஒருவரும் அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் வாசலோடு எழுதிக்கொண்டு போவார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கும்பிடுவார்கள், டீயை நீட்டினால் இப்போதுதான் குடித்தோம் என்பார்கள். அவர் எத்தனையோ வீட்டு நெல்லை நட்டு, அறுத்து, தூற்றிக் கொடுத்திருக்கிறார். ஒருவருக்கும் இலை போட்டதில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் சென்னைக்காரர் ஒருவர் தன் தட்டைத் தானே கழுவப் போனார். மார்த்தாள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அது எங்க வேல. நீங்க வந்தவங்க."

"எங்க வீட்ல நான்தாங்க கழுவுவேன்."

"உங்க வூட்ல கழுவுங்க. இது என் வூடு."

அந்த 'என் வூடு' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தைக் கலா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த தானியேலிடம் மார்த்தாள் சொன்னது ஒரே வரி. "கூழ ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிக் குடிச்சாங்கய்யா." மறுவாரம் பஸ் ஏறி உத்திரமேரூர் வந்து தட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு இரண்டாம் நாளும் மூன்றாம் நாள் காலையும் மார்த்தாள் வீடு என்று ஆகிவிட்டது. தங்குவதற்குச் சபைக் கூடம். கலா ஒரு வார்த்தை சொன்னால் மார்த்தாள் நாலு வார்த்தை சொல்லுவார். நடையின் பாதி ஒழுங்கு அவர் வைத்ததுதான். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுக்கக் கூடாது. கூழ் குடிக்கும்போது அது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று பேசக் கூடாது. "நல்லாக் கீதுன்னு சொல்லுங்க, போதும். மருந்து மாதிரி பேசாதீங்க."

வேலை என்றால் வேலை. அந்த வருடம், கோடைக்கு முந்தின நவரைப் பட்டத்தில், ஊர்த்தெருவைச் சேர்ந்த சின்னப்பையன் என்பவரின் வயலில் நடவு. ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற மனிதர். பேண்டைச் சுருட்டிக்கொண்டு ஆறு பேர் சேற்றில் இறங்குவதைப் பார்த்து அவர் வரப்புக்கு ஓடி வந்தார்.

"மார்த்தா, இவங்க விளையாடறதுக்கு என் கழனிதான் கெடச்சுதா?"

"விளையாடமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அந்தக் குழுவில் ஜீவா என்று ஒரு கம்ப்யூட்டர் பையன். வேகமாக நட்டு, முதலில் கரைக்கு வந்து, பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டான். மார்த்தாள் அவன் நட்ட வரிசையில் இறங்கி, ஒரு நாற்றைத் தொட்டார். சாய்ந்தது. அடுத்ததைத் தொட்டார். மிதந்தது. வரிசை முழுவதையும் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார்.

"மறுபடி நடு. வெரல உள்ள விடு. இது அவரு சாப்பாடு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் இறங்கினான். இரண்டாவது முறை நட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதை மார்த்தாள் பிடுங்கவில்லை. மார்ச் கடைசியில் அந்த வயலின் படத்தை அனுப்பும்படி கலாவுக்கு அவன் போன் செய்துகொண்டே இருந்தானாம்.

பெயர் பரவியது. ஒரு பெரிய சுற்றுலாக் கம்பெனியிலிருந்து காரில் ஆள் வந்தார். சனிக்கிழமைதோறும் ஒரு பஸ், இருபத்தைந்து பேர், மாட்டுவண்டிச் சவாரி, வாசலில் பெண்கள் எல்லாரும் ஒரே நிறச் சேலையில் நின்று ஆரத்தி எடுக்க வேண்டும் என்று விரிவாகச் சொன்னார். மார்த்தாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க வூட்ல எட்டுப் பேரு உக்கார எடம் கீது. இருவத்தஞ்சு பேரு வந்தா அது கண்காட்சி, விருந்து இல்ல. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் டீ குடித்துவிட்டுத்தான் போனார். அதையும் மார்த்தாள் ஒரு வெற்றியாகவே சொல்லுவார்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு எனக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த வருடம் மாசியில் போன குழுவில் நானும் ஒருவன். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில், என் தாலுகாவையே நடந்து பார்க்கப் போனேன்.

எங்கள் ஆறு பேரில் தேவயானி என்று ஓர் அம்மாள். அறுபத்திரண்டு வயது, சென்னையில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு தடி. அதிகம் பேசமாட்டார். முதல் நாள் செய்யாற்றில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் அளவு ஓடிய தண்ணீரில் நெடுநேரம் நின்றார். நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் காலனிக்குள் திரும்பும் இடத்தில் எல்லாரும் நடந்தோம். அவர் மட்டும் கால்வாய்ப் பாலத்தில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்துத் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வாசலில் எங்களை வரவேற்றுக்கொண்டிருந்த மார்த்தாள் அவர் முகத்தையே பார்த்தார். பார்த்துவிட்டு, எங்களுக்குச் சொன்ன மாதிரியே "வாங்கம்மா, காலு கழுவிக்கினு உக்காருங்க" என்றார்.

எட்டுத் தட்டும் பளபளவென்று வரிசையாக இருந்தன. அன்று செய்யாற்றுக் குட்டையில் பிடித்த கெண்டை. தேவயானி அம்மாள் மெதுவாக, முள் எடுத்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றும்போது, பேச்சுக்காகக் கேட்டார்.

"நீங்க பொறந்ததே இந்த ஊர்தானா?"

"ஆமாம்மா. நீங்களுந்தானே."

கரண்டிச் சத்தம் நின்றது. கலா மார்த்தாளைப் பார்த்தார், பிறகு அந்த அம்மாளை. அவர் பதிவு செய்யும்போது சென்னை முகவரிதான் கொடுத்திருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அப்பா மொகம் அப்டியே கீது. பெரிய வூட்டுப் பொண்ணு நீங்க."

பெரிய வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. அந்தக் குடும்பத்தின் நிலமும் மாந்தோப்பும் கோபால் என்ற காரியஸ்தர் கையில். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தேவயானி அம்மாள் தலையை ஆட்டினார்.

"ஆமாம். சொல்லக் கூடாதுன்னு இல்ல. ஆத்தைப் பார்க்கணும்னு வந்தேன். எங்க வீட்ல பெண்கள் ஆத்தாண்ட போகக் கூடாது. இருபத்தொரு வருஷம் இந்த ஊர்ல இருந்தேன், நேத்துதான் அதுல கால் வெச்சேன்."

மார்த்தாள் சோற்றுக் குண்டானைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க கல்யாணத்துக்கு நான் வந்துக்கீறேன். எனக்கு அப்ப ஒம்போது வயசு."

"அப்படியா?" அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "எந்தப் பந்தியில சாப்பிட்டீங்க?"

"பந்தியில உக்காரலம்மா. பின்னால கேட்டாண்ட நின்னேன், எங்கம்மாகூட. நாலு பந்தி முடிஞ்சப்புறம் மீந்தத குண்டான்ல கொட்டுவாங்க. அதுல ஒரு லட்டு முழுசா இருந்துச்சி. நல்ல லட்டு."

அதில் கோபம் இல்லை. குத்திக்காட்டும் தொனியும் இல்லை. தெருவில் யார் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல நடந்ததைச் சொன்னார். தேவயானி அம்மாளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தது எங்கள் அப்பாவாக இருக்கும்.

"சாப்புடுங்கம்மா, ஆறிப்பூடும். இன்னொரு மீன் வெக்கிறேன்" என்றார் மார்த்தாள்.

"வைங்க" என்றார் அந்த அம்மாள். முழுவதும் சாப்பிட்டார். காலனியின் பெரியவர்கள் இன்னும் அந்தக் குடும்பத்துப் பெண்களைப் பணிவாகச் 'சின்னம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று கலா பிறகு சொன்னார். மார்த்தாள் அன்று முழுக்க எல்லாருக்கும் சொல்லுகிற 'அம்மா'வைத் தவிர வேறு சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றுக்குப் புறப்பட்டோம். காலனியிலிருந்து ஆறு தெரிகிறது, அவ்வளவு கிட்டே. ஆனால் நாங்கள் எதிர்த்திசையில் நடந்து, தார்ரோட்டில் ஏறி, சிறுபாலத்தைச் சுற்றி, அரை மணி நேரம் கழித்து ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது. தடியோடு நடந்த தேவயானி அம்மாள் கேட்டார், "நேரா போக வழி இல்லையா?"

"இருந்துச்சிம்மா. அதோ அந்த முள்கம்பிக்கு உள்ள. வண்டிப்பாத. பதினோரு வருசத்துக்கு முன்னாடி தோப்போட சேத்து அடைச்சிட்டாங்க. எங்க கல்லறத் தோட்டமும் ஆத்தங்கரையிலதான் கீது. எங்கம்மாவயே இப்டிச் சுத்திக்கினு தூக்கினு போனோம்."

"எங்க தோப்பா?"

"உங்க தோப்புதான்."

அந்த அம்மாள் நின்றார். பையிலிருந்து போனை எடுத்தார். "என் தம்பிகிட்ட இப்பவே பேசறேன். நாளைக்கே கம்பியைப் பிரிக்கச் சொல்றேன்."

நாங்கள் எல்லாரும் மார்த்தாளைப் பார்த்தோம். மூன்று முறை மனுக் கொடுத்து அலைந்தவர். ஒரு போனில் காரியம் முடியப்போகிறது. அவர் கையை நீட்டி, போனைப் பிடித்திருந்த கையைத் தாழ்த்தினார்.

"வேணாம்மா. போன் போட வேணாம்."

"ஏன்?"

"நீங்க தொறந்துவுட்டா அது நீங்க குடுத்ததா ஆயிடும். நாளைக்கு உங்க தம்பி புள்ள வந்து மூடுவாரு. அது குடுக்கறதுக்கு உங்களுது இல்ல. கிராம வரைபடத்துல பாதன்னுதான் கீது, நகல் வாங்கி வெச்சிக்கீறேன். மார்ச் இருவத்திரெண்டு கிராம சபை. மனசு இருந்தா வந்து, உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. அது போதும்."

அந்த அம்மாள் கம்பி வேலியைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தவர். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வரேன்" என்றார்.

நான்காம் நாள் திருமுக்கூடலை அடைந்தோம். பாலாற்று மணலில் நடந்து பழையசீவரத்தில் பஸ் ஏறும் வரைக்கும் என் மனம் அந்தக் கம்பி வேலியிலேயே இருந்தது.

கிராம சபையன்று எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது, ஓரமாக நின்று பார்க்கலாமே என்று போனேன். உத்திரமேரூர்க்காரனுக்கு ஊர்ச்சபை புதிதல்ல. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்லியே வளர்ந்தவன். கலா ஒருமுறை மார்த்தாளையும் அழைத்துப்போய் அதைக் காட்டியிருக்கிறார். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருப்பவர்கள் பெயரைத்தான் ஓலையில் எழுதுவார்கள் என்று படித்துச் சொன்னதும் மார்த்தாள், "அப்ப எங்காளுங்க பேரு ஒரு ஓலயிலயும் ஏறியிருக்காது. இப்பத்து நோட்டுல நான் கையெழுத்துப் போடறேன் பாரு" என்றாராம்.

பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். தேவயானி அம்மாள் காலையிலேயே சென்னையிலிருந்து வந்திருந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் ஜமுக்காளத்தில், காலனிப் பெண்களுக்குப் பக்கத்தில், முழங்கால் வலியோடு மெல்ல உட்கார்ந்தார். அப்போதே கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

மார்த்தாள் எழுந்தார். கையில் வரைபட நகல். பாதையின் எண்ணைச் சொன்னார், அகலத்தைச் சொன்னார், எங்கே ஆரம்பித்து எங்கே ஆற்றில் இறங்குகிறது என்று சொன்னார். காரியஸ்தர் கோபால் எழுந்து, "அங்க பாதையே எப்பவும் இருந்ததில்ல. மாங்கா திருடு போவுதுன்னுதான் கம்பி போட்டோம்" என்றார். அவரும் கெட்டவர் இல்லை, கொடுத்த வேலையைச் செய்கிறவர்.

தேவயானி அம்மாள் தடியை ஊன்றி எழுந்தார்.

"எனக்கு இந்த ஊர்ல ஓட்டு இல்ல. அந்தத் தோப்புல பங்கு இருக்கு. நான் சொல்றதை எழுதிக்கணும். அது பாதைதான். என் மாடி ஜன்னல்ல இருந்து இருபத்தொரு வருஷம் பார்த்திருக்கேன். வண்டி போகும், துணி மூட்டையோட பெண்கள் போவாங்க, பாட்டுப் பாடிக்கிட்டுப் பொணம் எடுத்துட்டுப் போவாங்க. எனக்குத்தான் அந்தப் பாதையில போக அனுமதி இல்ல. அவங்க எல்லாரும் போனாங்க."

கோபால் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. தலைவர் கேட்டார், ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று. காலனிக் கைகள் எல்லாம் உயர்ந்தன. கொஞ்சம் பொறுத்து, பின்வரிசையில் சின்னப்பையன் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து ஊர்த்தெருவிலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். தீர்மானம் எழுதினார்கள். எழுத்தர் எழுதி முடித்ததும் மார்த்தாள் நோட்டை வாங்கி ஒரு தடவை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு முன்னால், 'வழி' என்று எழுதியிருந்ததை வரைபடத்தில் உள்ளபடி 'பாதை' என்று அடித்துத் திருத்தச் சொன்னார்.

சர்வேயர் வர மூன்று மாதமானது. ஆனி மாதத்தில் கல் நட்டார்கள், கம்பி நகர்ந்தது. பதினான்கடி அகலத்துக்கு மண்பாதை. கோபாலே ஆள் வைத்து முள்ளை வெட்டிக் கொடுத்தார். மாங்காய் திருடு போனதாக இதுவரை தகவல் இல்லை. பாதை திறந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காலனியே அந்த வழியாக ஆற்றுக்குப் போனது, நானும் கூடப் போனேன். மார்த்தாளும் தானியேலும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தேவயானி அம்மாள் வரவில்லை, வாழ்த்துச் சொல்லிப் போன் செய்தார். "அடுத்த தடவ வரப்ப நேராப் போலாம்மா" என்று மார்த்தாள் சொன்னது என் காதில் விழுந்தது.

போன வாரம் மார்த்தாள் மறுபடி கடைக்கு வந்தார். காலனியில் இன்னும் இரண்டு வீடுகள் விருந்தாளிகளுக்குச் சமைக்க ஆரம்பித்திருக்கின்றன. அதில் ஒன்றான கோவிந்தம்மாள் வீட்டுக்குத் தட்டு பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் விலை பேசி முடித்ததும் கோவிந்தம்மாளை முன்னே நிறுத்திவிட்டு, ஒதுங்கி நின்றார். அவரே பார்த்து எடுக்கட்டும் என்பதுபோல.

நான் டீ சொன்னேன். குடித்துக்கொண்டே கேட்டேன்.

"இப்பல்லாம் மாசம் ரெண்டு குழு வருதே. இன்னும் எதுக்கு நடவுக்குப் போறீங்க?"

மார்த்தாள் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இன்னாண்ணா கேக்கற? எங்க வேலயப் பாக்கத்தானே வராங்க. நான் வேல செய்யாம உக்காந்துக்கினா, வந்தவங்களுக்கு இன்னாத்தக் காட்டறது?"

டம்ளரைக் கழுவி வைக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். அது என் கடை. அவர் சிரித்தார். கோவிந்தம்மாள் இதற்குள் ஆறு தட்டுகளை எடுத்து அடுக்கிவிட்டு, ஏழாவதை வெயிலில் பிடித்து விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.